பிள்ளையை எந்தக் கல்லூரிக்கு மாற்றுவது? தீவகத்துக்குப் பழக்கமான ஒரு கேள்வி

கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரம் முடித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கும் பெற்றோர் நேரம் ஒதுக்கி வாசியுங்கள். வாசித்த பிறகு உங்களுக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள்.

போன மாதம் ஒரு நாள் பாடசாலை விட்டு வந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ்ஸுக்கு நின்றேன். நெடுந்தீவுப் படகு வந்து சேர்ந்தது. இறங்கியவர்களில் ஒரு தாயும் மகளும் நேரே என்னிடம் வந்தார்கள். அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். ஒரு விடுமுறைக் கருத்தரங்கில் வரலாறு படிப்பித்திருக்கிறேன். படிக்கக்கூடிய பிள்ளை.

"சேர், உங்களைப் பாக்கத்தான் வந்தனாங்கள். இவளை இனி எங்க மாத்திறது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார் தாய்.

கதை இதுதான். பிள்ளை உயர்தரம் கணிதப் பிரிவு. மூன்று பாடமும் சித்தி. ஆனால் கணினி விஞ்ஞானத்துக்கு இசட் வெட்டுப்புள்ளி கொஞ்சம் காணாமல் போய்விட்டது. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்த்தார்கள். இரண்டு வருடம் இங்கே, கடைசி வருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் பட்டம் என்று சொல்லியிருக்கிறார்கள். தகப்பன் படகு என்ஜினை விற்றார். தாயின் சங்கிலி அடைவுக்குப் போனது. ஒன்றரை வருடம் போன பிறகு, அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு இருந்த தொடர்பு முடிந்துவிட்டது, விரும்பினால் வேறு இடத்துக்கு மாறலாம் என்று அறிவித்தார்களாம். அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நீங்களும் எழுத வேண்டாம். அது இந்தப் பதிவின் நோக்கமல்ல.

பிள்ளையின் கையில் மூன்று விளம்பரத் தாள்கள் இருந்தன. ஒன்றில் பெரிய கண்ணாடிக் கட்டடம். ஒன்றில் கட்டணக் கழிவு. மூன்றாவதற்கு அவளோடு படித்த சிநேகிதிகள் மாறுகிறார்களாம். "இதில எதுக்கு மாறினா நல்லம், சேர்?" என்று கேட்டாள்.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். கணினியில் எனக்குத் தெரிந்தது புள்ளிப் பட்டியல் தட்டச்சுச் செய்வது மட்டும். இரண்டு நாள் தாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்த இரண்டு நாளும் யோசித்தபோது ஒன்று விளங்கியது. இந்தக் கேள்வி எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. ஏறத்தாழ 170 வருடமாக வடக்கின் பிள்ளைகள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். சிலர் விரும்பி மாறினார்கள். சிலர் துரத்தப்பட்டு மாறினார்கள். அவர்களில் யார் கரை சேர்ந்தார்கள், ஏன் சேர்ந்தார்கள் என்று பார்த்தாலே அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும் என்று பட்டது.

வட்டுக்கோட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். சமயம் பரப்புவதற்காகத் தொடங்கிய இடம்தான், ஆனால் அங்கே கணிதமும் வானியலும் ஆங்கிலமும் தமிழும் ஒன்றாகப் படிப்பிக்கப்பட்டன. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தில் அந்தத் தரத்தில் வேறு இடங்கள் மிகக் குறைவு. ஊர்ச் சனம் இது என்றென்றைக்கும் இருக்கும் என்று நினைத்திருக்கும். 1855 இல் செமினரி மூடப்பட்டது.

மூடப்பட்டு இரண்டு வருடத்தில், 1857 இல், புதிதாகத் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் முதலாவது பி.ஏ. பரீட்சையை நடத்தியது. அதில் சித்தியடைந்தவர்கள் இரண்டு பேர். கறோல் விசுவநாதபிள்ளை ஒருவர், சி. வை. தாமோதரம்பிள்ளை மற்றவர். இருவரும் யாழ்ப்பாணத்தார். இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பிறகு தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் என்று எங்கள் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் படிக்கிறார்கள். விசுவநாதபிள்ளை 'வீசகணிதம்' என்ற பெயரில் தமிழில் அல்ஜிப்ரா நூல் எழுதியவர். அல்ஜிப்ரா என்ற சொல்லே 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மியின் நூற்பெயரிலிருந்து வந்தது. கணினி படிக்கும் பிள்ளைகள் சொல்லும் அல்கோரிதம் என்ற சொல் அவருடைய பெயரிலிருந்தே வந்தது. கணினி என்பது எங்களுக்கு அந்நியமான படிப்பு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

படித்த இடம் மூடப்பட்டும் அந்த இருவரும் ஏன் நட்டாற்றில் நிற்கவில்லை? தலையில் இருந்த கணிதமும் மொழியும் அவர்களோடு கடல் கடந்தன. அதை அளந்து பார்த்து, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு சான்றிதழ் தர இன்னொரு இடம் இருந்தது. படிப்பித்த இடம் ஒன்று, பரீட்சை வைத்த இடம் வேறொன்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எங்கள் சோனகத் தெருப் பக்கத்துக் கதை. ஏ. எம். ஏ. அஸீஸ் 1911 இல் வண்ணார்பண்ணையில் பிறந்தார். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் பிறகு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். ஒரு முஸ்லிம் பிள்ளையை அந்தக் காலத்தில் இந்துக் கல்லூரிக்கு அனுப்பிய வீட்டாரையும், சேர்த்துக்கொண்ட கல்லூரியையும் நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வதுண்டு. கல்லூரியின் பெயர்ப்பலகையில் என்ன சமயம் எழுதியிருக்கிறது என்று அவர்கள் பார்த்திருந்தால் அஸீஸ் என்ற மனிதர் எங்களுக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

1929 இல் அவர் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் போனார். அந்தக் கல்லூரி 1921 இல் தொடங்கியது. அதற்குச் சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் இருக்கவில்லை. கொழும்பில் படிப்பிப்பார்கள், பரீட்சையும் பட்டமும் லண்டன் பல்கலைக்கழகத்தினுடையவை. இலங்கைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வந்தது 1942 இல்தான். அஸீஸ் 1933 இல் வரலாற்றில் லண்டன் பட்டம் பெற்றார். 1935 இல் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதலாவது முஸ்லிம் ஆனார். அதற்காக கேம்பிரிட்ஜில் தொடங்கிய மேற்படிப்பை இடையில் விட்டுவிட்டு வந்தார். படிப்பை இடையில் விடுவது எல்லா நேரமும் தோல்வி அல்ல என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

1945 இல் அவர் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாறிப் போன ஒரு பிள்ளை, பின்னால் மாறி வரப்போகும் பிள்ளைகளுக்குப் பணம் இல்லாமல் படிப்பு நிற்கக்கூடாது என்று நினைத்தது. இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் விளங்கும்.

இனி எங்கள் பெற்றோர் காலம். 1970, 71 அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. பேராதனையில் பொறியியலுக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளி, சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளி என்று நிர்ணயிக்கப்பட்டது. மருத்துவத்துக்கு 250, 229. அதற்குப் பிறகு மாவட்டக் கோட்டா வந்தது. இன்றைக்கும் கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் வரை அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் வரை மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் வரை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பிரிக்கிறார்கள். இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கும். நான் அந்த விவாதத்துக்குள் போகவில்லை. பெற்றோருக்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். உயர்தரத்துக்கு முந்தைய வருடங்களில் பிள்ளை எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தது என்பதைப் பார்த்துத்தான் மாவட்டம் தீர்மானிக்கப்படுகிறது. பாடசாலையை மாற்றும்போது மாவட்டத்தையும் மாற்றிவிடுகிறீர்கள். அவசரப்பட்டு கொழும்புக்கோ கண்டிக்கோ மாற்ற முதல் மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை எடுத்து வாசியுங்கள்.

1974 இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. கலைப் பிரிவு திருநெல்வேலியில், சேர் பொன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியில். விஞ்ஞானப் பிரிவு முதலில் எங்கே இருந்தது தெரியுமா? வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவு இருந்த இடத்தில். செமினரி மூடப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து அதே ஊரில் மறுபடி பல்கலைக்கழக விஞ்ஞான வகுப்பு நடந்தது. 1979 இல் வளாகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாகத் தரம் உயர்ந்தது.

பிறகு 1983 ஜூலை. கொழும்பு, மொறட்டுவை, பேராதனை என்று தெற்கில் படித்துக்கொண்டிருந்த தமிழ்ப் பிள்ளைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வடக்குக்கு வந்தார்கள். திரும்பிப் போகப் பயம். யாழ்ப்பாணத்துக்கு எங்களை மாற்றுங்கள் என்று கேட்டார்கள். பதில் கிடைக்கவில்லை. 1984 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சில மாணவர்கள் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார்கள். அது எப்படி முடிந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். கல்லூரி மாற்றம் கேட்டு உயிரைப் பணயம் வைத்த பிள்ளைகள் இருந்த ஊர் இது. பொறியியல் படித்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. மாற்றம் கிடைத்தாலும் யாழ்ப்பாணத்தில் அப்போது பொறியியல் பீடம் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் அந்தப் பீடம் வந்தது போர் முடிந்த பிறகு. மாறிப்போகும் இடத்தில் நீங்கள் படிக்கும் பாடம் இல்லாவிட்டால் அந்த மாற்றத்தால் என்ன பயன்?

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் கண்டேன்.

1990 ஒக்டோபர் 30. எனக்கு வயது 12. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எல்லோரும் ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும். அங்கே போனால் இரண்டு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகவேண்டும் என்றார்கள். வடக்கு முழுவதும் அந்த ஒக்டோபரில் சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். நாங்கள் புத்தளம் போய்ச் சேர்ந்தோம்.

என் ராத்தாவுக்கு அப்போது 17 வயது. உயர்தரம் கணிதப் பிரிவு. எங்கள் குடும்பத்தில் கணிதத்துக்குப் போன முதல் ஆள். அவளுடைய சாதாரண தரச் சான்றிதழ் வீட்டு அலுமாரியின் இரண்டாம் தட்டில் கிடந்தது. எடுக்க முடியவில்லை. வாப்பா தையல்காரர். அளவு எழுதும் சின்னக் கொப்பி ஒன்று அவருடைய சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். பெறுபேறு வந்த அன்று சந்தோசத்தில் ராத்தாவின் சுட்டெண்ணை அதில் யாருடையதோ இடுப்பளவுக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். வீடு, தையல் மெஷின், உம்மாவின் பாத்திரங்கள், எல்லாம் போயின. அந்தக் கொப்பி மட்டும் வந்தது. அந்த எண்ணை எழுதிக் கொழும்பில் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, உறுதிப்படுத்திய பெறுபேற்றுப் பத்திரத்தை எடுத்தார்கள். பாடசாலை யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் பெறுபேறு கொழும்பில் பதிவாகியிருந்தது. அதனால் அது தப்பியது.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்திரம் கிடைத்த சந்தோசத்தில் எங்கள் முகாமுக்குக் கிட்ட இருந்த பாடசாலையில் ராத்தாவைச் சேர்த்தார்கள். இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு. உயர்தரக் கணிதத்துக்கு அங்கே ஆசிரியர் இல்லை. அதைச் சேரும்போது யாரும் கேட்கவில்லை. வாப்பாவுக்குக் கேட்கத் தெரியாது. எனக்கு வயது 12. மூன்று மாதம் பார்த்துவிட்டு ராத்தா கலைப் பிரிவுக்கு மாறினாள். இன்றைக்குப் பாலர் பாடசாலை நடத்துகிறாள், நன்றாக இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவளுடைய பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அவளுடைய முகத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கும். அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இங்கே கணிதம் படிப்பிக்க ஆள் இருக்கா?

அந்தக் காலத்தில் புதிய இடங்களும் முளைத்தன. வடமாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி 1991 இல் தொடங்கி, 1997 இல் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1 இல் வவுனியாப் பல்கலைக்கழகமானது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தொடர முடியாமல் போன முஸ்லிம் மாணவர்களின் நெருக்கடியும் ஒரு காரணமாக 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, அடுத்த வருடம் முழுப் பல்கலைக்கழகமானது. எம். எச். எம். அஷ்ரஃபின் பெயர் அதோடு சேர்ந்தது. மாறுவதற்கு இடமில்லாமல் தவித்த பிள்ளைகளால் உருவான இடங்களில் இன்று எல்லா இனப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

இனிக் கணினிக்கு வருகிறேன். இந்த நாட்டில் பல்கலைக்கழகக் கணினிப் படிப்புக்கு வயது அதிகமில்லை. மொறட்டுவையில் கணினி விஞ்ஞான, பொறியியல் துறை 1985 இல் தொடங்கியது. கொழும்பில் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க முன்னின்று வளர்த்த துறையும் கணினித் தொழில்நுட்ப நிறுவனமும் 2002 இல் ஒன்றாகி, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி ஆனது. எங்கள் பக்கத்தில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் கணினி விஞ்ஞானம் இருக்கிறது. வவுனியாவில் தகவல் தொழில்நுட்பம் இருக்கிறது. தென்கிழக்கில் சம்மாந்துறையில் இருக்கும் பிரயோக விஞ்ஞான பீடத்தில் கணினிப் பாடம் இருக்கிறது. எல்லாம் ஆங்கில மொழி மூலம்.

ஆனால் இவை எல்லாம் இசட் புள்ளி வாசலால் உள்ளே போகிற இடங்கள். அந்த வாசலால் போகாத பிள்ளை நடுவழியில் மாறி உள்ளே வர முடியாது. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் "அங்கே ரெண்டு வருசம் படிச்சிட்டு இங்கே மாறலாம்" என்று சொல்வதைக் கேட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அப்படியில்லை. ஒரு தனியார் நிறுவனம் இன்னொரு தனியார் நிறுவனத்தின் பாடங்களை ஏற்பதா விடுவதா என்பது கூட அந்த நிறுவனத்தின் விருப்பம்தான். சட்டப்படி கேட்டு வாங்கும் உரிமை என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அப்படியென்றால் அந்தப் பிள்ளைக்கு என்ன வழி? இரண்டு நாளும் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஒரு சக ஆசிரியரோடு உட்கார்ந்து எழுதினேன். மேலே சொன்ன வரலாறு முழுவதையும் ஐந்து கேள்வியாக்கினோம். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் இதைக் கேளுங்கள்.

1. பரீட்சை வைப்பது யார், பட்டம் கொடுப்பது யார்? படிப்பிக்கிற இடத்தின் பெயரைக் கேட்டு நின்றுவிடாதீர்கள். உள்நாட்டுத் தனியார் நிறுவனம் தானே பட்டம் கொடுப்பதென்றால் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவில் அதற்கு அங்கீகாரம் இருக்கவேண்டும். எந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் என்றும் பாருங்கள். ஒரு பட்டத்துக்குக் கிடைத்ததைக் காட்டி இன்னொன்றுக்கு ஆள் சேர்க்கலாம். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

2. பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா? கட்டடத்தைப் பார்க்கப் போகும் நாளில் ஒரு வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். கணிதமும் நிரலாக்கமும் யார் எடுக்கிறார், எத்தனை வருடமாக எடுக்கிறார் என்று படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். என் ராத்தாவுக்கு நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்கக்கூடாது.

3. இதுவரை படித்ததில் எது கணக்கில் சேரும்? வாயால் சொல்வதை நம்பவேண்டாம். எந்தப் பாடம், எத்தனை கிரெடிட் என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முதல் பழைய இடத்திலிருந்து பெறுபேற்றுப் பத்திரத்தையும் ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் முத்திரையோடு எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் இயங்கும்போதே எடுங்கள்.

4. நடுவில் நிற்க நேர்ந்தால் கையில் என்ன இருக்கும்? தகப்பனுக்கு வருத்தம் வரலாம், கடல் தொழில் படுக்கலாம். ஒரு வருடத்தில் நின்றால் ஒரு டிப்ளோமாவாவது கிடைக்குமா?

5. மொத்தச் செலவு எவ்வளவு? கட்டணம் மட்டும் அல்ல. அறை, சாப்பாடு, பரீட்சைக் கட்டணம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாகக் கட்டும் பதிவுப் பணம், எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் ஒன்று 2017 முதல் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் சேர்ந்த நிறுவனமா என்று கேட்டாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

இந்த ஐந்தையும் வைத்து அந்த மூன்று விளம்பரத் தாள்களையும் பார்த்தோம். கண்ணாடிக் கட்டடம் முதலாவது கேள்வியில் நின்றுவிட்டது. கட்டணக் கழிவு கொடுப்பவர்கள் மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் பதில் தர மறுத்தார்கள். சிநேகிதிகள் போகும் இடம் ஐந்துக்கும் பதில் சொன்னது. நல்ல இடம்தான். ஆனால் மொத்தச் செலவு இன்னொரு என்ஜின் விற்றாலும் போதாது.

வேறு இரண்டு வழிகளை எழுதி வைத்திருந்தோம். ஒன்று, யாழ்ப்பாணத்தில் உயர் தொழில்நுட்ப நிறுவகத்தில் தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமா. அரச நிறுவனம். தினமும் வகுப்பு. மற்றது, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரிப் பட்டமான பி.ஐ.டி. 2000 ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. இசட் புள்ளி தேவையில்லை. முதலாம் வருடம் முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் வருடம் முடித்தால் உயர் டிப்ளோமா, மூன்றாம் வருடம் முடித்தால் பட்டம். எங்கே படித்தாலும், வீட்டிலிருந்து படித்தாலும், பரீட்சையும் பட்டமும் கொழும்புப் பல்கலைக்கழகத்தினுடையவை. அஸீஸ் கொழும்பிலிருந்து லண்டன் பட்டம் எடுத்த வழியும், தாமோதரம்பிள்ளை காலத்து வழியும் கிட்டத்தட்ட இதேதான்.

இதையும் லேசாகச் சொல்லக்கூடாது. வெளிவாரிப் படிப்பில் தொடங்குபவர்களில் நிறையப் பேர் முடிப்பதில்லை. காலையில் எழுப்பிவிட யாரும் இல்லை. வகுப்புத் தோழர் இல்லை. நெடுந்தீவில் மின்சாரம் டீசல் மெஷினை நம்பியது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று கலந்த மின் திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. ஆனால் இன்றிரவு படிக்கிற பிள்ளைக்கு இன்றிரவு வெளிச்சமும் இணையமும் வேண்டும்.

தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டார்: "அப்ப அந்த ஒண்டரை வருசமும் தண்ணியிலயோ, சேர்?"

பி.ஐ.டி. யில் முதலிலிருந்துதான் தொடங்கவேண்டும். பழைய பாடம் ஒன்றும் கணக்கில் வராது. அதை மறைக்காமல் சொன்னேன். எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. பிள்ளைதான் பதில் சொன்னாள். "இல்லையம்மா, ஜாவாவும் டேட்டாபேஸும் எனக்கு இப்ப தெரியும். முதல் வருசம் எனக்கு லேசு." தாய் ஒன்றும் பேசவில்லை. படகுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினார்.

போன கிழமை பிள்ளை செய்தி அனுப்பியிருந்தாள். பழைய நிறுவனத்திலிருந்து பெறுபேற்றுப் பத்திரத்தையும் பாடத்திட்டத்தையும் முத்திரையோடு எடுத்துவிட்டாளாம். பி.ஐ.டி. க்கு விண்ணப்பிக்கப் போகிறாள். கிழமையில் மூன்று நாள் யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டில் நின்று வகுப்புக்குப் போவாள், மற்ற நாள் ஊரில். தகப்பன் இப்போது இன்னொருவருடைய படகில் கூலிக்குப் போகிறார். சுட்டெண் கிடைத்ததும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். ராத்தாவின் கதையைச் சொன்னேன்.

இப்போது உங்களிடம் இரண்டு கேட்கிறேன்.

பி.ஐ.டி., உயர் தேசிய டிப்ளோமா, திறந்த பல்கலைக்கழகம், எதுவானாலும் தீவகத்திலிருந்து அப்படிப் படித்து முடித்தவர்கள் கீழே எழுதுங்கள். எத்தனை வருடம் எடுத்தது, எங்கே தடக்குப்பட்டது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வெற்றிக் கதை மட்டும் வேண்டாம். இடையில் விட்டவர்களும் எழுதுங்கள், அதுதான் பின்னால் வருபவர்களுக்கு அதிகம் உதவும். யாழ்ப்பாணத்தில் மென்பொருள் வேலையில் இருப்பவர்கள், மாதத்தில் ஒரு சனிக்கிழமை இந்தப் பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் இருக்க முடியுமா என்று யோசியுங்கள்.

மற்றது, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சொந்தங்களுக்கு. கோயிலுக்கும் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் நீங்கள் தாராளமாகக் கொடுப்பதைப் பார்க்கிறோம். அஸீஸ் 1945 இல் செய்ததை ஒரு தீவு அளவில் எங்களால் செய்ய முடியாதா? பெரிய தொகை தேவையில்லை. பரீட்சைக் கட்டணம், பழைய மடிகணினி, யாழ்ப்பாணத்தில் தங்க ஒரு பாதுகாப்பான அறை. இன்னாருடைய பிள்ளை, இன்ன சமயம் என்று பார்க்காத ஒரு சின்ன நிதி. விருப்பமுள்ளவர்கள் தனிச் செய்தியில் தொடர்பு கொள்ளுங்கள். கணக்கு வழக்கை ஊருக்கு முன்னால் வைத்தே செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

வீட்டில் இப்போது விளம்பரத் தாளோடு ஒரு பிள்ளை இருந்தால், பணம் கட்ட முதல் அந்த ஐந்து கேள்வியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் வருகிறேன்.